"அக்கா, பேட்ச் போச்சு": சோ செல்லில் எஃப்எஸ்ஹெச் செய்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்தில் சோ (CHO) என்ற வெள்ளெலி செல்களை வளர்த்து, சினைமுட்டையை வளர வைக்கும் எஃப்எஸ்ஹெச் (FSH) ஹார்மோனை எடுக்கிறோம். இடையிடையே கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜியும் (hCG) உண்டு. மாதம் ஒருமுறையாவது யாராவது வந்து, "அக்கா, பேட்ச் போச்சு" என்று நிற்பார்கள். என்ன போச்சு என்று கேட்டால் பதில் இருக்காது. செல் செத்துவிட்டதா, செல் இருந்தும் ஹார்மோன் வரவில்லையா, வந்த ஹார்மோன் வேலை செய்யவில்லையா? மூன்றும் வேறு வேறு நோய். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே வந்து சேரும் பிள்ளைகள் தமிழில் கேட்கிறார்கள் என்பதால் தமிழிலேயே எழுதி வைக்கிறேன். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரு நிமிடம், எதைச் செய்கிறோம் என்பதை மட்டும் பார்த்துவிடுவோம்.

எஃப்எஸ்ஹெச் என்பது இரண்டு சங்கிலிகள் சேர்ந்த ஒரு ஜோடி. ஆல்ஃபா சங்கிலியில் 92 அமினோ அமிலங்கள். எஃப்எஸ்ஹெச், அதன் உடன்பிறப்பு ஹார்மோனான எல்ஹெச் (LH), ஹெச்சிஜி மூன்றுக்கும் இதே ஆல்ஃபாதான். ஆளை மாற்றுவது பீட்டா. எஃப்எஸ்ஹெச்சுக்கு 111, ஹெச்சிஜிக்கு 145. ஜோடியை ஒட்டி வைத்திருப்பது வலுவான ரசாயனப் பிணைப்பு இல்லை. ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். எஃப்எஸ்ஹெச்சில் நான்கு இடங்களில் சர்க்கரைக் கிளைகள் தொங்கும், சங்கிலிக்கு இரண்டு. கிளை நுனியில் சியாலிக் அமிலம். பாக்டீரியா இந்தக் கிளைகளைப் போடாது. அதனால்தான் இவ்வளவு செலவு செய்து பாலூட்டி செல்லை வளர்க்கிறோம். 1995-ல் ஐரோப்பாவில் முதல் ரீகாம்பினன்ட் (ஜீன் புகுத்திய செல்லில் செய்த) எஃப்எஸ்ஹெச் மருந்துக்கு அனுமதி கிடைக்கும்வரை, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்துதான் இதை வடித்தெடுத்தார்கள்.

சோ செல் சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து 1957-ல் பிரித்தெடுக்கப்பட்டது. சினைப்பை செல் என்பதால் எஃப்எஸ்ஹெச் தானாகச் சுரக்கும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. சினைப்பை அந்த ஹார்மோனைப் பெறும் இடம், சுரப்பது பிட்யூட்டரி. நாம் கொடுக்கும் இரண்டு ஜீன்களை வைத்துத்தான் இந்தச் செல் வேலை செய்கிறது.

காலையில் வந்தால் மீடியா ஊதாவாக இருக்கிறது

மீடியாவில், அதாவது செல் வளரும் திரவத்தில், இருக்கும் ஃபீனால் ரெட் சாயம் ஊதா காட்டினால் பிஹெச் ஏறிவிட்டது, அதாவது கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. டர்பனில் இதற்கு முதல் காரணமாக இருந்தது லோட் ஷெடிங், அதாவது அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு. 2023-ல் அது கடுமையாக இருந்த நாட்களில் மின்சாரம் அடிக்கடி போய் வந்தது. மின்சாரம் போனதைவிட, திரும்ப வந்த பிறகு நடப்பதுதான் ஆபத்து. சில இன்குபேட்டர்கள் மின்சாரம் வந்ததும் சூடாக்க ஆரம்பித்துவிடும். கேஸ் வால்வை மட்டும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை திறக்காது. திரையில் 37 என்று பளிச்சென்று இருக்கும். உள்ளே கேஸ் இருக்காது.

எங்களிடம் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஒரு டெக்னீஷியன் அண்ணா இருக்கிறார். இன்குபேட்டர் கதவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மின்சாரம் போன நேரமும் வந்த நேரமும் பேனாவால் எழுதிவைப்பார். உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்னப் பாட்டிலில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் முங்கிக் கிடக்கும். "திரையை நம்பாதே தம்பி, பாட்டிலைப் பார்" என்பார். ஒருநாள் திரையில் 37, பாட்டிலில் 34.5. மின்சாரம் வந்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. காற்று சூடாகிவிட்டது, தண்ணீர் ஆகவில்லை. உங்கள் செல் இருப்பது காற்றில் இல்லை, தண்ணீரில்.

செய்ய வேண்டியது: மின்வெட்டு அட்டவணை முன்பே தெரிந்தால், மின்சாரம் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஃப்ளாஸ்க் மூடிகளை இறுக்குங்கள். உள்ளே இருக்கும் கேஸ் அப்படியே நிற்கும். வடிகட்டி வைத்த மூடி என்றால் இது பலிக்காது; அதற்கு மீடியாவில் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் ஹெப்பெஸ் 15 மில்லிமோலார் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாதபோது கதவைத் திறக்கவே கூடாது. இரண்டு மணி நேரக் குளிரை சோ செல் தாங்கிக்கொள்ளும். சூடு அப்படி இல்லை. 40 டிகிரிக்கு எகிறிய இன்குபேட்டர்தான் செல்லைக் கொல்லும், ஆறிப்போன இன்குபேட்டர் பெரும்பாலும் கொல்லாது.

இன்னொன்று, ஜோஹன்னஸ்பர்க் ஆய்வகத்துக்கு நம் வழிமுறையை அனுப்புபவர்களுக்கு. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே 5 சதவீதம் என்று வைத்தால் மீடியாவில் கரையும் கார்பன் டை ஆக்சைடும் அதே விகிதத்தில் குறையும். பிஹெச் கிட்டத்தட்ட 0.1 ஏறிவிடும். 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் சரியாகும். இதைத் தெரியாமல் இரண்டு ஊர்க்காரர்களும் மாறி மாறி மீடியா கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீடியா மஞ்சளாகிவிட்டது

கலங்கியிருந்தால் பாக்டீரியா. ப்ளீச் ஊற்றித் தூக்கிப் போடுங்கள், காப்பாற்றப் பார்க்காதீர்கள். தெளிவாக இருந்து மஞ்சளானால் செல் கூடிப்போய் லாக்டேட் சேர்ந்துவிட்டது, அல்லது கேஸ் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை டர்பன் ஈரப்பதத்தில் பூஞ்சை வரும். அட்டைப் பெட்டியை வளர்ப்பு அறைக்குள் கொண்டுவராமல் இருந்தாலே பாதி குறையும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வடக்கே டோங்காட் பக்கம் குழாய்த் தண்ணீர் மாதக்கணக்கில் வராமல் டேங்கர் தண்ணீரை நம்பியிருந்தார்கள். அப்படிப்பட்ட தண்ணீரை வாட்டர் பாத்தில் ஊற்றி, அதில் மீடியா பாட்டிலைக் கழுத்துவரை முக்கிவைத்தால் மூடியின் இடுக்கு வழியாக என்ன போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் சரி, ஆனால் செல் மந்தமாக வளர்கிறது

கலங்கல் இல்லை, மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் நீள்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா (மிகச் சிறிய ஒரு பாக்டீரியா) என்றே வைத்துக்கொண்டு சோதியுங்கள். அதற்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலின் ஒன்றும் செய்யாது. 0.22 மைக்ரான் வடிகட்டியில் நழுவிப் போய்விடும். பிசிஆர் ஒரு நாளில் பதில் சொல்லும். ஹோக்ஸ்ட் சாயம் போட்டால் செல்லின் கருவுக்கு வெளியே ரவை தூவியதுபோல் புள்ளிகள் மின்னும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெளியிலிருந்து வரும் எந்தச் செல்லையும் சோதனை முடியும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள். நட்பு வேறு, இது வேறு.

மைக்கோபிளாஸ்மா இல்லை என்று வந்துவிட்டால் மீடியா பெயரைப் பாருங்கள். சோ செல்லால் புரோலின் என்ற அமினோ அமிலத்தைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. டிஎம்இஎம் என்ற சாதாரண மீடியாவில் புரோலின் இல்லை. இரத்தச் சீரம் சேர்க்கும்வரை தெரியாது, அதில் கொஞ்சம் இருக்கும்; சீரத்தைக் குறைக்கும் நாளில் வளர்ச்சி படுத்துவிடும். ஹாம்ஸ் எஃப்12 என்ற இன்னொரு மீடியாவில் புரோலின் உண்டு. பல பேர் இரண்டையும் பாதிப் பாதி கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலக்ஷன் போட்டும் ஒரு செல்கூடச் சாகவில்லை

இதில் நானே மூன்று மாதம் தொலைத்திருக்கிறேன்.

நாம் பயன்படுத்துவது டிஹெச்எஃப்ஆர் என்ற நொதி இல்லாத சோ செல். 1980-ல் உர்லாப், சாசின் இருவரும் உருவாக்கிக் காட்டிய வகை. இந்த நொதி இல்லாத செல்லுக்கு ஹைப்போசாந்தின், தைமிடின், கிளைசின் மூன்றையும் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். நம் ஹார்மோன் ஜீனோடு டிஹெச்எஃப்ஆர் ஜீனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அந்த மூன்றும் இல்லாத மீடியாவில் விட்டால், ஜீனை வாங்கிக்கொண்ட செல் மட்டும் பிழைக்கும். கணக்கு அவ்வளவுதான்.

பத்து நாள் ஆகியும் எல்லாச் செல்லும் கொழுகொழுவென்று இருந்தால் கணக்கில் எங்கோ ஓட்டை. ஜீன் கொடுக்காத கட்டுப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். அதுவும் உயிரோடு இருந்தால் சோறு வேறு வழியாகப் போகிறது. பெரும்பாலும் சீரம்தான். சாதாரண மாட்டுக் கன்றுச் சீரத்தில் ஹைப்போசாந்தினும் தைமிடினும் தாராளமாகவே இருக்கும். டயலைஸ் செய்த, அதாவது இப்படிப்பட்ட சிறு மூலக்கூறுகளை வடித்து நீக்கிய சீரம்தான் வேண்டும். எங்கள் ஃப்ரீசரில் இரண்டு பாட்டிலும் ஒரே நீல மூடியோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் எடுத்தது பக்கத்துப் பாட்டில். இரண்டாவது ஓட்டை, ஆல்ஃபா எம்இஎம் என்ற மீடியா. அது நியூக்ளியோசைடு (தைமிடின் போன்றவை) சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகையாக விற்கிறது. பெயர் ஒன்றுதான், கேட்டலாக் எண் மட்டும் மாறும். ஆர்டர் போடும்போது எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாச் செல்லும் நான்காம் நாளே செத்துவிட்டால், டயலைஸ் செய்த சீரத்தோடு டிஎம்இஎம்மைப் போட்டிருப்பீர்கள். புரோலின் இல்லாமல், ஜீன் வாங்கிய செல்லும் சேர்ந்தே போயிருக்கும்.

செல் நன்றாக இருக்கிறது, எலிசாவில் ஹார்மோன் இல்லை

இங்கே முதலில் செல்லைச் சந்தேகிக்காதீர்கள். எலிசாவை, அதாவது ஆன்டிபாடியால் ஹார்மோனை அளக்கும் சோதனையை, சந்தேகியுங்கள்.

மாதிரியை அப்படியே போட்டு ஒரே எண்ணை எடுத்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 1:10, 1:100, 1:1000 என்று நீர்த்து, திரும்பப் பெருக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு, நீர்க்காத மாதிரி 40 காட்டுகிறது. 1:100 மாதிரி, பெருக்கினால் 900 காட்டுகிறது என்று வையுங்கள். ஹார்மோன் குறைவில்லை, கூடிப்போய்விட்டது. பிடிக்கும் ஆன்டிபாடியையும் காட்டும் ஆன்டிபாடியையும் ஒரே நேரத்தில் சேர்க்கும் கிட்டில், ஹார்மோன் அளவுக்கு மிஞ்சினால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனி மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். நடுவில் பாலம் அமையாது. எண் விழும். ஹெச்சிஜியில் இது அடிக்கடி நடக்கும்.

மருத்துவமனை ஆய்வகத்து இயந்திரத்தில் கொடுத்து அளப்பவர்கள் பயோட்டினையும் நினைவில் வைக்க வேண்டும். சில இயந்திரங்கள் பயோட்டின் – ஸ்ட்ரெப்டாவிடின் பிடிப்பை வைத்து வேலை செய்பவை. செல் மீடியாவில் விட்டமினாகச் சேர்த்த பயோட்டின் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் எண் பொய்யாகக் குறையும். வெறும் மீடியாவில் தெரிந்த அளவு ஹார்மோனைக் கலந்து அளந்து பாருங்கள். போட்டது திரும்பி வருகிறதா என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண் குறைவு என்றால், உங்கள் கிட் எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஆல்ஃபாவை மட்டும் பிடிக்கும் கிட் உங்களைச் சந்தோஷப்படுத்தும், ஏமாற்றவும் செய்யும். செல் பொதுவாக ஆல்ஃபாவை அள்ளித் தள்ளும். ஜோடி சேர பீட்டாதான் தட்டுப்பாடு. ஒரு ஆன்டிபாடி ஆல்ஃபாவையும் மற்றது பீட்டாவையும் பிடிக்கும் கிட்தான் முழு ஹார்மோனை எண்ணும். ஆல்ஃபா நிறைய, ஜோடி குறைவு என்று தெரிந்தால் பீட்டா பக்கம் வேலை செய்யுங்கள். பீட்டா ஜீன் அதிகமாக ஏறிய குளோனை (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தை) தேடுங்கள். இன்னும் ஆல்ஃபாவைக் கூட்டிப் பயன் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினால் கல்யாணம் நடக்காது.

முதல் மாதம் நன்றாக வந்தது, இப்போது பாதிதான்

டிஹெச்எஃப்ஆர் நொதியைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை 20 நானோமோலாரில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றி ஜீன் பிரதிகளைப் பெருக்கியிருப்பீர்கள். மருந்தை எடுத்துவிட்டால் பல குளோன்கள் அந்தக் கூடுதல் பிரதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிடும். ஹார்மோன் செய்யாத செல்லுக்குச் சுமை குறைவு, வேகமாக வளரும், சில வாரத்தில் ஃப்ளாஸ்க் முழுக்க அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் கல்ச்சரைத் திருத்த முயற்சிக்காமல் ஆரம்பக் கட்டத்தில் உறைய வைத்த குப்பியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மருந்தில்லாமல் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கிறது என்று ஒவ்வொரு குளோனையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குளோன் நிலையாக இருந்தும் விளைச்சல் போதவில்லை என்றால் செல் நிறைந்த பிறகு வெப்பத்தை 37-லிருந்து 32-க்கு இறக்கிப் பாருங்கள். வளர்ச்சி நிற்கும், ஆனால் செல் கூடுதல் நாள் உயிரோடு இருந்து சுரக்கும். சோடியம் பியூட்டிரேட்டும் உதவும், ஆனால் அது கை மீறினால் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளிவிடும்; முதல் முயற்சியில் 1 மில்லிமோலாருக்கு மேல் போகாதீர்கள்.

சுத்திகரிப்பில் ஹார்மோன் இரண்டாக உடைந்துவிட்டது

ஒரு மாணவர் ஜெல்லில் இரண்டு பட்டைகளைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தார். "மாதிரியைக் கொதிக்க வைத்தாயா?" என்றேன். "ஆமாம் அக்கா, எப்போதும் கொதிக்க வைப்போமே." அதுதான் விஷயம். தழுவி நிற்கும் ஜோடியை எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளில் போட்டுக் கொதிக்க வைத்தால் பிரியத்தான் செய்யும். கொதிக்க வைக்காமல், ரெட்யூசிங் மருந்து சேர்க்காமல் இன்னொரு பள்ளத்தில் ஓட்டச் சொன்னேன். முழு ஜோடி ஒரே பட்டையாக நின்றது. இரண்டு விதமாகவும் ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொதிக்க வைக்காமலும் இரண்டு பட்டை வந்தால் உண்மையிலேயே உடைந்திருக்கிறது. அமிலம்தான் முதல் குற்றவாளி. ஆன்டிபாடி செய்து பழகிய கைகள் வைரஸை அழிக்க பிஹெச்சை 3.5 பக்கம் இறக்கி ஒரு மணி நேரம் வைக்கும். ஆன்டிபாடி தாங்கும், எஃப்எஸ்ஹெச் ஜோடி தாங்காது. சால்வென்ட் – டிடர்ஜென்ட் முறைக்கு மாறுங்கள், அதோடு நுண்வடிகட்டி. மூவரில் ஹெச்சிஜி ஓரளவு கெட்டி, ஆனாலும் அமிலத்தில் நேரம் ஓட்டக் கூடாது.

தட்டில் பிரமாதம், எலியில் பூஜ்யம்

இதைத்தான் நான் அதிகம் விரும்பித் தேடுவேன்.

எஃப்எஸ்ஹெச்சைப் பிடிக்கும் ஏற்பி வைத்த செல்லில் ஹார்மோனை விட்டு, ஏற்பி தூண்டப்பட்டதைக் காட்டும் சைக்ளிக் ஏஎம்பியை அளந்தால் எண் அபாரமாக இருக்கும். அதே ஹார்மோனை ஸ்டீல்மன் – போலி முறையில், அதாவது பருவம் எய்தாத பெண் எலிக்கு ஹெச்சிஜியோடு சேர்த்து மூன்று நாள் ஊசி போட்டு, சினைப்பையை எடுத்து எடை பார்த்தால், ஏறியிருக்காது. 1953-லிருந்து எஃப்எஸ்ஹெச்சின் வீரியத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். தட்டும் எலியும் ஒத்துப்போகாவிட்டால் சியாலிக் அமிலத்தைப் பாருங்கள்.

சியாலிக் அமிலம் போன சர்க்கரைக் கிளையின் நுனியில் கேலக்டோஸ் வெளியே தெரியும். கல்லீரல் செல்களில் அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு ஏற்பி உண்டு. நிமிடக் கணக்கில் இரத்தத்திலிருந்து வாரிக்கொள்ளும். தட்டில் கல்லீரல் இல்லை. அதனால் தட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. சில நேரம் சியாலிக் அமிலம் குறைந்த ஹார்மோன் ஏற்பியில் இன்னும் நன்றாகவே ஒட்டும்.

ஐசோஎலெக்ட்ரிக் ஃபோகஸிங் (மூலக்கூறின் மின்னேற்றத்தை வைத்துப் பிரிக்கும் முறை) ஓட்டுங்கள். எஃப்எஸ்ஹெச் எப்போதும் ஏணிபோல் பல பட்டைகளாகத்தான் வரும். அமிலப் பக்கத்தில் கூட்டமாக இருந்தால் சியாலிக் அமிலம் நிறைய, காரப் பக்கம் நகர்ந்தால் குறைவு. நல்ல பழைய பேட்ச் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டாமல் இதைப் படிக்க முடியாது.

ஏன் குறைந்தது? முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். மீடியாவில் செல்லுக்கு உணவாகச் சேர்க்கும் குளுட்டமின் தானாகவே சிதைந்தும், செல் தின்றும் அம்மோனியாவாகிறது. அது செல்லுக்குள் சர்க்கரைக் கிளைகளை முடித்துக் கட்டும் கோல்ஜி என்ற உறுப்பின் அமிலத்தன்மையைக் கெடுத்து, சியாலிக் அமிலத்தைப் பூட்டும் நொதியை மந்தமாக்கும். 5 மில்லிமோலாரைத் தாண்டியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். இங்கே மறுபடி லோட் ஷெடிங் வரும்: குளிர் அறை ஆறேழு மணி நேரம் சூடாகிக் கிடந்தால் மீடியா பாட்டிலிலேயே குளுட்டமின் சிதையத் தொடங்கிவிடும். அலனைல்-குளுட்டமின் என்ற இரட்டை வடிவம் நிலையானது. நாங்கள் அதற்கு மாறிவிட்டோம். குளுட்டமினை ஒரேயடியாகக் கொட்டாமல் தினம் கொஞ்சமாக ஊட்டுவதும் உதவும்.

அம்மோனியா சரி என்றால் அறுவடை நாளைப் பாருங்கள். செத்து உடையும் சோ செல்லின் உள்ளேயிருந்து சியாலிடேஸ் என்ற நொதி வெளியே வரும். பூட்டிய சியாலிக் அமிலத்தை அதே செல்லின் நொதி வெட்டிப் போடும். இன்னும் இரண்டு நாள் விட்டால் கூடுதலாகக் கிடைக்குமே என்ற ஆசையில் உயிருள்ள செல் 60 சதவீதத்துக்கு இறங்கும்வரை காத்திருந்தால், எலிசா எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். எலிக்குத்தான் வித்தியாசம் தெரியும். நாங்கள் 80 சதவீதத்தில் நிறுத்திவிடுகிறோம், உடனே குளிர்விக்கிறோம்.

இரண்டும் சரி என்றால் கேலக்டோஸ், யூரிடின், மாங்கனீஸ் மூன்றையும் மீடியாவில் ஊட்டிப் பார்க்கலாம்; கிளையை நீட்டிக் கட்ட வேண்டிய சரக்கு இவை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சோ செல் சியாலிக் அமிலத்தை ஆல்ஃபா 2,3 முறையில் மட்டும்தான் ஒட்டும். மனித உடலில் 2,6 முறையும் உண்டு. உங்கள் ஹார்மோனில் 2,6 இல்லை என்பது பிழை இல்லை, அதைச் சரிசெய்ய வாரங்களைச் செலவழிக்காதீர்கள். அது வேண்டுமென்றால் மனித செல் வகைக்குத்தான் போக வேண்டும். 2016-ல் அனுமதி பெற்ற ஃபாலிட்ரோபின் டெல்டா அப்படி வந்ததுதான்.

நேற்று அளந்தது இன்று இல்லை

சுத்தம் செய்த ஹார்மோன் நீர்த்த நிலையில் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். சிறிது பாலிசார்பேட் 20 சேர்த்துவையுங்கள். மெத்தியோனின் சேர்த்தால் ஆக்சிஜனேற்றமும் தணியும். பனி உருக்கும் வகை ஃப்ரீசரில் மாதிரியை வைக்காதீர்கள், அது தினமும் சூடாகிச் சூடாகிக் குளிரும். ஒரே குப்பியைப் பலமுறை உருக்குவதற்குப் பதில் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒவ்வொன்றின் மேலும் தேதியோடு எந்த நாள் அறுவடை, உயிருள்ள செல் எத்தனை சதவீதம், அம்மோனியா எவ்வளவு என்று எழுதுங்கள். ஃப்ரீசர் கதவில் அண்ணாவின் மாஸ்கிங் டேப் எப்போதும் தொங்கும். பேனாவும் அங்கேயே இருக்கும்.